மூன்று மில்லிமீட்டர்

முதுகெலும்புக்குள் இருக்கும் பஞ்சு எலும்பு எந்த எடைக்கு எவ்வளவு நசுங்கும் என்று கணினியில் மாடல் செய்வது என் வேலை. மாடலைச் சரிபார்க்க, பத்து மில்லிமீட்டர் உயரமுள்ள ஓர் எலும்புத் துண்டை இயந்திரத்தில் வைத்து ஏழாகும்வரை நசுக்கினேன். நசுக்கியதைக் குப்பையில் போட வேண்டும். அசதியில் குளிர்பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.

காலையில் அளந்தால் மறுபடியும் பத்து.

“துண்டை மாத்திட்டீங்களாண்ணா?” என்று லேப் அண்ணனைக் கேட்டேன்.

“இருந்ததே அது ஒண்ணுதாம்மா. நான் எங்க போய் மாத்த?”

வேறு எலும்பு கிடைக்க மூன்று மாதம் ஆகும். ஏன் இப்படி என்று மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. அதையே தினமும் நசுக்கினேன். மாலையில் ஏழு, காலையில் பத்து. இருபது நாள் ஓடிவிட்டது. மாடலும் ஏறக்குறைய ஒத்துவந்தது.

அன்று வீட்டில் அம்மா என் பேன்ட்டை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

“போன வாரந்தானே தச்சேன்? திரும்பவும் தரையைக் கூட்டுது. துணி எங்கயாவது நீளுமாடி?”

“முதுகு வலிக்குதும்மா,” என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.

மறுநாளும் எலும்பு பத்து இருந்தது. இயந்திரத்தின் பச்சைப் பொத்தானை எப்போதும் எக்கித்தான் அழுத்துவேன். இன்று எக்கியும் எட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஏறி அழுத்தினேன்.