ஒரு வாய்க்கு ஒரு போட்டோ

"இங்கிட்டுப் பாரு அழகி, போட்டோ!"

அந்தக் குரல் கேட்டபோது வீரய்யாவின் அரிவாள் மூன்றாவது தடவையாக இறங்கியிருந்தது. திருப்பதி கண்மாய்க் கோரைப் புதருக்குள் குப்புறக் கிடந்தான். முதல் வெட்டே கழுத்தில் விழுந்ததால் அவனால் சத்தம்கூடப் போட முடியவில்லை.

மடைத் தண்ணீரில் முறை மாற்றி ஏய்த்த பங்காளியை ஒரு வழியாகத் தீர்த்தாயிற்று என்று நிமிர்ந்த வீரய்யா, கண்மாய்க் கரையைப் பார்த்ததும் சட்டென்று குனிந்தான். சற்று முன்வரை அங்கே ஈ காக்கை இல்லை. இப்போது ஆத்மநாதன் வாத்தியார் நிற்கிறார்! எதிரே அவருடைய பிள்ளைகள் இரண்டும் உட்கார்ந்திருந்தன.

வாத்தியாரின் ஒரு கையில் சோற்று உருண்டை. மறு கை, கழுத்தில் தொங்கிய கறுப்புப் பெட்டிக் கேமராவின் விசையில். அந்தப் பெட்டியின் ஒற்றைக் கண் பிள்ளைகளின் தலைக்கு மேலாக நேரே கோரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆ காட்டு... முழுங்கிட்டியா? இந்தா, இன்னொரு போட்டோ!"

வீரய்யா பிணத்தோடு பிணமாகப் படுத்துக்கொண்டான். தயிர்ச்சோற்றுத் தூக்குச்சட்டி காலியாவதற்குள் அந்த மனுஷர் முப்பது நாற்பது போட்டோவாவது எடுத்திருப்பார். பிள்ளைகளைத் தவிர வேறெங்கும் அவர் பார்க்கவில்லை. ஆனால் பெட்டி பார்த்துவிட்டதே!

வாத்தியாரின் போட்டோ பைத்தியம் ஊரறிந்த விஷயம். எடுத்த படங்களைப் புதுக்கோட்டைக்கு அனுப்பிக் கழுவி வாங்கி, வீட்டுச் சுவர் முழுக்க மாட்டியிருந்தார். யுத்தத்தால் மண்ணெண்ணெய்க்கே ஜனங்கள் நாயாய் அலைந்த அந்த நாளிலும், இடுப்பில் பிள்ளையும் கழுத்தில் பெட்டியுமாகத்தான் அவர் சுற்றினார்.

மறுநாள் விடிந்ததும் திருப்பதியைக் காணோம் என்று ஊரே தேடியது. வீரய்யாவும் கூடவே போனான். கோரைப் பக்கம் போனவர்களை, "அங்கிட்டு நான் பாத்துட்டேன்" என்று சொல்லித் திருப்பிவிட்டான். திருப்பதியின் மனைவி பொன்னுத்தாய், "கொழுந்தனாரே, எப்பிடியாச்சும் கண்டுபிடிச்சுக் குடுங்க" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கையைக் கூசாமல் கொடுத்தான் படுபாவி.

ஆளை மறைத்தாயிற்று. ஆனால் படம் கழுவி வந்தால் தூக்குக் கயிறுதான். கூட்டத்திலிருந்து நைஸாக நழுவி வாத்தியார் வீட்டுக்கு நடந்தான்.

முற்றத்து வெயிலில் நாலு வயது அழகி அந்தப் பெட்டியை மடியில் வைத்திருந்தாள். பின்மூடியைத் திறந்து, புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே போட்டுக்கொண்டிருந்தாள். சின்னவனுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த வாத்தியார் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரே, அந்தப் பொட்டியக் குடுங்க."

"வா வீரய்யா. திருப்பதி கெடைச்சானா?"

"பொட்டியக் குடுங்கன்னேன்!"

"அது மட்டும் முடியாதுப்பா. அது இல்லாட்டி எம்புள்ளைக ஒரு வாய் சோறு திங்காது."

அரிவாளின் பின்பக்கம் வாத்தியாரின் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்து அவர் சுருண்டு விழுந்தார். விழுந்தவரின் வயிற்றில் வீரய்யா மாறி மாறி மிதித்தான். அடுப்படியிலிருந்து ஓடிவந்த அவர் மனைவி செங்கமலத்தின் கொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணை மறைக்க, "ஐயோ, கொல்றானே!" என்று அவள் போட்ட கூச்சல் கண்மாய் வரைக்கும் கேட்டிருக்கும்.

அழகி பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவன் அதைப் பிடுங்கி அம்மிக்கல்லில் ஓங்கி அடித்தான். தகரம் நசுங்கியது, கண்ணாடி தெறித்தது. உள்ளேயிருந்து புளியங்கொட்டைகள்தாம் உருண்டு ஓடின.

படத்தை எடுத்து எங்கேயோ ஒளித்துவிட்டார்! வீரய்யாவுக்குக் கண்மண் தெரியவில்லை. குழந்தையின் முடியைப் பற்றி இழுத்து, பிஞ்சுக் கழுத்தில் அரிவாளை வைத்தான்.

"படம் எங்கய்யா?"

"எந்தப் படம்ப்பா? புள்ளைய விட்டுரு, ஒன் கால்ல விழுறேன்!"

"எந்தப் படமா? நேத்துக் கோரைக்குள்ள நான் திருப்பதிய வெட்டயில, கரையில நின்னு எடுத்தியே, அந்தப் படம்!"

முதுகுக்குப் பின்னால் ஓர் அலறல் கேட்டது. செங்கமலத்தின் கூச்சலுக்கு ஓடிவந்த ஊர்க்கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. முன்னால் நின்றவள் பொன்னுத்தாய்.

அவன் திகைத்த அந்த ஒரு நொடி போதுமாயிருந்தது. நாலு பேர் பாய்ந்து அரிவாளைப் பறித்து, அவனை மண்ணில் அமுக்கினார்கள். "எம்புருசன வெட்டிட்டு என்கூடவே தேட வந்தியாடா!" என்று பொன்னுத்தாய் அம்மிக் குழவியைத் தூக்கி அவன் முழங்காலில் போட்டாள். அவன் ஊளையிட்டான்.

வாய் நிறைய ரத்தமும் மண்ணுமாக அவன் அப்போதும் கத்திக்கொண்டே இருந்தான். "நாப்பது படம் எடுத்தான்யா! நான் கண்ணால பாத்தேன்!"

வாத்தியார் ஒற்றைக் கையை ஊன்றித் தவழ்ந்து வந்து, மகளை மடியில் அள்ளிக்கொண்டார். பிறகு ஒன்றும் விளங்காமல் அவனைப் பார்த்தார்.

"யுத்தம் வந்ததுலேருந்து அதுல பிலிமே இல்லயேப்பா!"