முத்தரசியின் கேள்வி

கல்குவாரியிலிருந்து இசக்கி வீடு திரும்பியபோது, மனைவி முத்தரசி காதுக்கருவியில் யாரோ ஒரு மொராக்கோக்காரனோடு பேசிக்கொண்டிருந்தாள். அவன் பேச்சைக் கருவி அசல் தென்காசிப் பேச்சாக மாற்றித் தந்தது.

"அவன்கிட்ட என்னட்டி தெனமும்?"

"சாமியப் பத்தி."

"அதுக்கு நான் இல்லையா?"

"சாமின்னா நீங்க கொடைக்கு வெட்டுத கெடாக்கறியப் பத்தில்லா பேசுவிய!"

ஒரே கேள்வியைக் கேட்கும் இருவரைத்தான் கருவி இணைக்கும். மொராக்கோக்காரனைப் பிடித்து நாலு வார்த்தை கேட்க நினைத்த இசக்கி, அவளுக்குத் தெரியாமல் கருவியை மாட்டி, "சாமி உண்டா?" என்றான். ஒரு பிரேசில் கிழவி இணைப்பில் வந்தாள். "செத்தா எங்க போவோம்?" என்றான். யாரோ பாதிரியார் வந்தார். மொராக்கோக்காரன் மட்டும் வரவேயில்லை.

கடைசியில் அவளிடமே கேட்டான். "அப்படி என்னத்தட்டி கேட்ட?"

"வயித்துலயே செத்த பிள்ளைய, சாமி என்ன பேர் சொல்லிக் கூப்பிடும்னு."

இசக்கி உட்கார்ந்துவிட்டான். "அதுக்கு அவன் என்ன சொன்னான்?"

"தெரியாதுன்னாரு. அவருக்கும் ஒண்ணு அப்படிப் போயிருக்கு. நீ என்ன பேர் நெனச்சிருந்தன்னு கேட்டாரு. சொன்னேன்."

இசக்கி தன் கையால் குழிதோண்டிப் புதைத்த பிள்ளையின் பேர் மொராக்கோக்காரனுக்குத் தெரிந்திருந்தது; இசக்கிக்குத் தெரியாது.