நாலாவது பூட்டு

"பிரிட்ஜுக்குப் பூட்டா? இப்படியொரு அநியாயம் உலகத்துல எங்கேயாவது உண்டா?"

அக்கா கேட்டது தம்பி மனைவியை. சத்தம் எதிர்வீடு வரை போனது. அக்காவுக்குக் கோபம் வந்தால் சாட்சிக்கு நாலு பேர் வேண்டும்.

தம்பிக்கு மூளையில் கட்டியை எடுத்து ஒரு வருஷம் ஆகிறது. பார்க்க வந்த அக்கா, வாசலில் "நல்லா சதை பிடிச்சுத் தேறிட்டியேடா" என்று சந்தோஷப்பட்டாள். தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போனாள். பிரிட்ஜ் கதவில் கொண்டி அடித்து, உள்ளங்கை அகலத்துக்குப் பூட்டு தொங்கியது.

"அந்தக் கட்டியால, வயிறு நிறைஞ்சா மூளையில 'போதும்'னு சொல்ற இடமும் கெட்டுப்போச்சாம் அண்ணி," என்றாள் தம்பி மனைவி. "எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்காதாம். எடை ஏறி, சுகர் ஏறி, ஒரு தடவை மயங்கியே விழுந்துட்டார். வேளாவேளைக்கு அளவா கொடுத்துட்டுத்தான் இருக்கேன்."

"ஜெயில்லயும்தான் கொடுக்கிறாங்க."

அக்கா தம்பியிடம் திரும்பினாள்.

"ஏண்டா, பசிக்குதா?"

"பசிக்குதுக்கா."

பொய்யில்லை. தூக்கத்திலும் அவனுக்குப் பசிதான்.

"கேட்டியா? கொடு சாவியை."

"மாட்டேன் அண்ணி."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. பூட்டு ரிப்பேர் கடை வைத்திருப்பவன். சாவி தொலைந்த பீரோ, பெட்டி எதுவானாலும் ஒரு கம்பியை விட்டு நொடியில் திறந்துவிடுவான்.

"ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கிறவன் சொந்த வீட்டுல பட்டினி கிடக்கிறியே, உனக்கே நல்லா இருக்கா?" கொண்டையிலிருந்து ஊசியை உருவி அவன் கையில் திணித்தாள். "திற. எவ தடுக்கிறான்னு பாக்குறேன்."

யாரும் தடுக்கவில்லை. தம்பி மனைவி ஒதுங்கி வழிவிட்டாள். முகம் மட்டும் வெளுத்துப் போயிருந்தது. திறந்துவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் தீரும் வரை அவன் எழுந்திருக்க மாட்டான்.

தம்பி பிரிட்ஜ் முன்னால் உட்கார்ந்து, பூட்டில் காதை வைத்து ஊசியை விட்டான். திருப்பினான். நெம்பினான். வளைத்து மறுபடி விட்டான். நெற்றி வேர்த்தது. ஊசிதான் முறிந்தது.

அவன் சிரித்தான்.

"முடியலக்கா."

"உன்னாலயா முடியல? எவன் செஞ்ச பூட்டுடா இது?"

"நான் செஞ்சதுதான்."

அக்கா குனிந்து பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தேன்கா. கடைப் பக்கமே போகல. ஆபரேஷன்லயே போய்ச் சேர்ந்திருக்கலாம்னு தோணும். யாரும் இல்லாத நேரம் பார்த்து இந்த பிரிட்ஜைக் காலி பண்ணிட்டு, உட்கார்ந்து அழுவேன். ஒருநாள் இவ கடைச் சாமானையெல்லாம் அள்ளிட்டு வந்து கட்டில் மேல கொட்டினா. 'உங்களாலயே திறக்க முடியாத பூட்டு ஒண்ணு செய்வீங்களா, பாப்போம்'னா. ரோஷம் வந்துடுச்சு. எழுந்து உட்கார்ந்தேன்."

"செஞ்சியா?"

"செஞ்சேன். மறுநாளே திறந்து எல்லாத்தையும் தின்னுட்டேன். இவ திட்டவே இல்ல. 'சரி, அடுத்தது செய்யுங்க'ன்னா. இது நாலாவது. இப்ப கடையும் திறந்தாச்சு."

"இதை நீ முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா?" என்றாள் அக்கா, தம்பி மனைவியைப் பார்த்து.

"அவ எப்படிக்கா சொல்வா? நான் திருடித் தின்னு அழுததையும் சேர்த்துச் சொல்லணுமே."

தம்பி மனைவி முறிந்த ஊசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள், காலில் குத்திவிடும் என்று.

அக்கா கூடத்துக்குப் போனாள். யாருக்கும் தெரியாமல் தம்பிக்குக் கொடுக்கப் பையின் அடியில் வைத்திருந்த கேக் டப்பாவை எடுத்து வந்து தம்பி மனைவியிடம் நீட்டினாள்.

"இதையும் உள்ள வச்சுப் பூட்டிடும்மா."

இது எதிர்வீட்டுக்குக் கேட்கவில்லை.