ஏழாவது கையெழுத்து

"முடியாதுங்க டாக்டர். வேற ஆளைப் பாருங்க."

லாண்டரிக்காரர் படிவத்தைத் திருப்பி நீட்டினார். அவர் தேய்த்து அடுக்கிய சட்டைகளைப் போலவே முகத்திலும் ஒரு சுருக்கம் இல்லை.

பல் டாக்டருக்குத்தான் சுருக்கென்றது. பக்கத்துப் பக்கத்துக் கடை, எட்டு வருஷப் பழக்கம். போன வருஷம் அவருடைய கடைவாய்ப் பல்லை வலி தெரியாமல் பிடுங்கிக் கொடுத்தவள் அவள்.

"சும்மா ஒரு கையெழுத்துதானே அண்ணே. உங்களுக்கு ஒரு வேலையும் வராது."

"முழுசாப் படிச்சுப் பார்த்துட்டேங்க. எனக்கு ஒத்து வராது."

ஊரில் பாடத் தெரிந்தவர்களுக்கும் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கும் குறைச்சலே இல்லை. ஆனால் கல்யாண வீட்டில்கூட பென் டிரைவ்தான் பாடியது. வயலின் வாசிக்கும் தபால்காரர் ஒரு மேடைக்காக மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய் வந்தார். அதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் டாக்டர் ஒரு இசைச் சங்கம் தொடங்கக் கிளம்பினாள். லாப நோக்கம் கிடையாது. மாதம் ஒரு கச்சேரி, ஆட்கள் நேரில் உட்கார்ந்து பாட வேண்டும், வாசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பதிவு செய்த சங்கமாக இருந்தால் அரங்கத்தை இலவசமாகத் தருகிறோம் என்றது நகராட்சி. பதிவுக்கு ஏழு உறுப்பினர்கள் வேண்டும். அதுவும் வெள்ளிக்கிழமைக்குள்.

ஆறு பேர் சுலபமாகக் கிடைத்தார்கள். வாயில் பஞ்சை வைத்துவிட்டுக் கேட்டால் யார் மறுத்துப் பேச முடியும்?

ஏழாவதாக இவரைத்தான் மலைபோல் நம்பியிருந்தாள்.

"அக்கா, நீங்களாவது போடுங்களேன்" என்று, உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவியைக் கேட்டாள்.

அந்தம்மா நிமிர்ந்தாள். உதடு அசைந்தது. அதற்குள் லாண்டரிக்காரர் முந்திக்கொண்டார்.

"அவளும் போடமாட்டா."

எப்போதும் இப்படித்தான். "சாப்பிட்டீங்களாக்கா?" என்று கேட்டால், "சாப்பிட்டா" என்பார் அவர். "உடம்பு எப்படி இருக்கு?" என்றால், "நல்லா இருக்கா." எட்டு வருஷத்தில் டாக்டர் அந்தம்மாவின் சிரிப்பைப் பார்த்திருக்கிறாள். குரலைக் கேட்டதில்லை.

கிளினிக்குக்குத் திரும்பியதும், டோக்கன் போடும் நாத்தனாரிடம் கொட்டித் தீர்த்தாள்.

"பொண்டாட்டியை வாயைத் திறக்கவே விடமாட்டேங்கிறார் அந்த மனுஷன். அவர்கிட்ட போய்ப் பாட்டு, கச்சேரின்னு பேசினேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"விடுங்க அண்ணி. இஸ்திரிப் பெட்டியோட பழகிப் பழகி மனசும் இரும்பாயிருக்கும்."

வியாழக்கிழமை சாயங்காலம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்த பஸ் கண்டக்டர், ஏழாவது கையெழுத்தைப் போட்டார். சங்கம் பதிவானது. அன்றிலிருந்து டாக்டர் தன் வெள்ளைக் கோட்டை வீட்டிலேயே துவைத்துத் தேய்த்துக்கொண்டாள்.

முதல் கச்சேரிக்கு ஆள் தேர்வு, ஞாயிற்றுக்கிழமை காலை கிளினிக் மாடியில் நடந்தது. பதினோரு பேர் வந்து போனார்கள். பன்னிரண்டாவதாகப் படியேறி வந்தவர் லாண்டரிக்காரர். பின்னாலேயே அவர் மனைவி.

"சத்தம் தொந்தரவா இருக்கா?" என்றாள் டாக்டர், தலையை நிமிர்த்தாமல்.

"இல்லீங்க. இவ பாடணும்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"என்ன பாடுவாங்க?"

"இவ வந்து..."

"அவங்களே சொல்லட்டுமே. இங்கேயும் நீங்கதான் பேசணுமா?"

லாண்டரிக்காரர் டாக்டரை ஒரு முறை பார்த்தார். அப்புறம் நகர்ந்து நின்றார்.

"தா... தா... தா..." என்றாள் அந்தம்மா.

கழுத்து நரம்பு புடைத்தது. கை புடவைத் தலைப்பைப் பிடித்து முறுக்கியது. வார்த்தை தொண்டையைத் தாண்டி வரவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த தபால்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டருக்கு நாற்காலியோடு தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"பேச வேண்டாம்க்கா" என்றாள். "பாடுங்க, போதும்."

அந்தம்மா கண்களை மூடிக்கொண்டாள்.

தாலாட்டு. ஒரு எழுத்து இடறவில்லை. குரல் அலட்டிக்கொள்ளாமல் மேலே போய், அங்கேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, வந்த வழியே இறங்கியது. தபால்காரர் தன்னையறியாமல் வயலினை எடுத்து மெல்லச் சேர்ந்துகொண்டார். முடிந்தபோது கைதட்ட வேண்டும் என்பதே யாருக்கும் உடனே தோன்றவில்லை.

"பேசினாத்தான் திக்கும்" என்றார் லாண்டரிக்காரர். "யாராவது சிரிச்சுட்டா அன்னிக்குப் பூரா சாப்பிடமாட்டா. அதான் நான் முந்திக்கிறது. பாட்டுல திக்காது. முப்பது வருஷமா நான் ஒருத்தன்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

முதல் கச்சேரிக்கு முதல் பெயராக அந்தம்மாவின் பெயரை எழுதினாள் டாக்டர். இருவரும் படியிறங்கியபோது பின்னாலேயே ஓடினாள்.

"மன்னிச்சிடுங்க அண்ணே. உங்களை என்னென்னமோ நினைச்சுட்டேன். ஆனா ஒண்ணு கேட்கணும். இவ்வளவு ஆசையை வச்சுக்கிட்டு, அன்னிக்கு ஏன் கையெழுத்துப் போடமாட்டேன்னீங்க?"

லாண்டரிக்காரர் கூச்சத்தோடு சிரித்தார்.

"உறுப்பினரோ அவங்க குடும்பத்துல யாருமோ மேடையேறக் கூடாதுன்னு நீங்கதானே டாக்டர் அந்தப் படிவத்துல ஒன்பதாவது விதியா எழுதியிருந்தீங்க? நான் சங்கத்துல சேர்ந்துட்டா, இவ எப்படிங்க பாடுவா?"