ஒழுகாத ஷெட்

பொன்மலைப் பணிமனையிலிருந்து சவரிராஜ் மனைவிக்குப் போன் செய்தார்.

"பிலோமினா, இங்க மழை கொட்டுது. தென்னூர்ல எப்படி?"

"இங்கயும்தாங்க."

"கார் ஷெட் ஒழுகலையே?"

"ஒரு சொட்டுகூட இல்லைங்க. நல்லாத்தான் கட்டியிருக்கீங்க."

"வீடு?"

"வழக்கம்போல ஒழுகுது."

"நனைஞ்சா காஞ்சிடும். ஓடு மாத்துறதை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

நிம்மதியாக வீடு திரும்பியவர் வாசலில் திடுக்கிட்டு நின்றார். அவர் ஆசையாகத் தேடிச் சேர்த்த பழைய அம்பாசிடரும் பியட்டும் தெருவில் நனைந்துகொண்டிருந்தன.

பதறிப்போய் ஷெட்டுக்கு ஓடினார். உள்ளே கட்டிலும் அடுப்பும் இருந்தன. மகள்கள் இருவரும் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"கார் ரெண்டும் மழையில நிக்குதே!"

பிலோமினா துண்டை நீட்டினாள்.

"நீங்க தலையைத் துவட்டுங்க. அதெல்லாம் நனைஞ்சா காஞ்சிடும்."