இரைச்சல் தவசி

“பாட்டை நிறுத்துங்கண்ணே. இரைச்சலை மட்டும் கேப்போம்,” என்றார் ஸ்ரீநாத்.

தவசி நாதஸ்வர சிடியை நிறுத்தினார். கம்ப்யூட்டர் படுக்கையறையில், ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் ஹாலில். நடுவே சுவரோரமாக ஒரு நீள வயர். பாட்டு நின்றதும் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் கிளம்பி, வில்லாபுரத்து மாடி வீட்டை அடைத்துக்கொண்டது.

ஸ்ரீநாத் குடிவந்து இருபது நாள்தான். கட்டில், பீரோ எதுவும் இன்னும் வந்து சேரவில்லையாம். பாட்டு சிடிகூட ஒன்று கிடையாது. ஓடிக்கொண்டிருந்தது தவசி தன் கடையிலிருந்து கொண்டுவந்தது.

காலையிலிருந்து பார்க்காத வைத்தியமில்லை. வயரை மூன்று தடவை மாற்றியாயிற்று. கம்ப்யூட்டரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே போர்டில் சொருகிப் பார்த்தார். முனகல் கொஞ்சம் இளைத்ததே தவிர சாகவில்லை. எர்த் பின்னைக் கழற்றியதும் கப்சிப். ஆனால் கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்ட ஸ்ரீநாத் கையை உதறினார்.

“ஷாக்கடிக்குதுண்ணே. எர்த்து இல்லாம வேணாம். எர்த்தோடயே இரைச்சலை நிப்பாட்டுங்க.”

தவசி மறுபடி வயரைக் கழற்றி மாட்டினார். உசிலம்பட்டியிலிருந்து வந்து பதினெட்டு வருஷம், தன் கையாலேயே ஆம்ப்ளிஃபயரும் பெட்டியுமாக செட்டு கோத்து விற்றுப் பேர் வாங்கியவர். வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்து, அதில் பாட்டுக் கேட்கும் காலம் பிறந்ததும் சனி பிடித்தது. இந்த ஒரே தெருவிலிருந்து மூன்று செட்டுகள் முனகிக்கொண்டே திரும்பி வந்துவிட்டன.

விற்ற சரக்கு கடைக்குத் திரும்பினால் தனியாக வராது. நாலு பேர் வாயையும் கூட்டிக்கொண்டுதான் வரும். எதிர்க்கடை மொக்கைச்சாமி ‘இரைச்சல் தவசி’ என்று பட்டம் கட்டி, அது கீழவாசல் வரைக்கும் போய்விட்டது. நாலாவதும் திரும்பினால் ஷட்டரை இறக்கிவிட்டு ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

அதெல்லாம் தெரிந்தும் தேடி வந்து செட்டு வாங்கிய ஒரே மனுஷன் ஸ்ரீநாத். அவரும் இப்போது கடிகாரத்தைப் பார்த்தார்.

“சாயங்காலத்துக்குள்ள சரியாகலேன்னா எடுத்துக்கிட்டுப் போயிருங்கண்ணே. கோவிச்சுக்காதீங்க.”

“ஒரு அரைமணி நேரம் குடுங்க சார். பிள்ளகுட்டிக்காரன்.”

அந்நேரம் கீழே வீட்டுக்காரர் முத்திருளன் வீட்டில் கிரைண்டர் ஓட ஆரம்பித்தது. முனகல் இரண்டு மடங்காக ஊதியது. கிரைண்டர் நின்றது, முனகலும் வற்றியது.

தவசி ஸ்பீக்கர் பெட்டியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். டெஸ்டரை எடுத்து போர்டின் எர்த் ஓட்டையில் வைத்தார். டெஸ்டர் விளக்கு பளிச்சென்றது. கூடவே அவர் முகமும்.

“சார், என் செட்டுல குத்தமில்ல. எர்த்துல கரண்டு வருது. கீழ வீட்டுக்காரரு மீட்டருக்குத் தெரியாம கரண்டை எடுத்து, எர்த்து வழியாத் திருப்பி விடுறாரு. அதுதான் பெட்டியில முனகுது.”

ஸ்ரீநாத் சிரித்தார். “முத்திருளன் தங்கமான மனுசர்ணே. விக்கிறவரு தன் சரக்கை விட்டுக் குடுப்பாரா? மொக்கைச்சாமி உங்க செட்டுலதான் கோளாறுன்னாரு.”

அந்தப் பேர் காதில் விழுந்ததும் தவசிக்கு வாய்ப்பூட்டு கழன்றது.

“அவன் சொன்னா வேதமா சார்? கீழ அந்த வயரை இழுத்துக் குடுத்ததே நான்தான்.”

“நீங்களா?”

“ஆறு வருசம் ஆச்சு. கடை படுத்துக் கெடந்த நேரம், வயிறு சும்மா இருக்குமா? இந்தத் தெருவுல மட்டும் பதினோரு வீடு. அப்ப ஒண்ணும் தெரியல. இப்பக் கம்ப்யூட்டர் வந்து எர்த்தைப் பிடிச்சதும் அம்புட்டும் பெட்டி வழியாக் கத்துது.” சொல்லிக்கொண்டு வரும்போதே மூன்று செட்டுகளும் ஏன் திரும்பின என்பது உறைத்து, தலையில் அடித்துக்கொண்டார். “எல்லாம் என் கைவேலை சார்.”

“எந்தெந்த வீடு?”

தவசி விரல்விட்டுச் சொன்னார். ஸ்ரீநாத் ஒரு வெள்ளைத்தாளில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார்.

“அப்ப செட்டு திரும்பி வராதுல்ல சார்?”

“வராதுண்ணே. அருமையான செட்டு.”

தவசிக்குப் போன உயிர் வந்தது. வந்த உயிர் வியாபாரியின் உயிர், சும்மா இருக்குமா?

“அதையே எழுதிக் குடுத்தீகன்னா கண்ணாடி போட்டுக் கடையில மாட்டிருவேன். மொக்கைச்சாமி தெனமும் அது மூஞ்சிலதான் முழிக்கணும்.”

ஸ்ரீநாத் அதே தாளில் கீழே எழுதினார். நிறுத்தி நிதானமாக வாசித்தும் காட்டினார்: ‘செட்டில் குறையில்லை. இரைச்சலுக்குக் காரணம், மேற்கண்ட பதினோரு வீடுகளில் தவசி ஆகிய நான் மாற்றிக் கொடுத்த வயரே.’

“என்ன சார், நான்னு எழுதிருக்கீக?”

“தொழில் தெரிஞ்சவர் வாயால சொன்னாத்தானே ஊரு நம்பும்?”

நியாயமாகத்தான் பட்டது. தவசி வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேரம் பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

“இருந்தாலும் வெறுந்தாளு எடுபடாது சார். ஒரு சீலு இருந்துச்சுன்னா கெத்தா இருக்கும்.”

ஸ்ரீநாத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

“சீல் கீழ ஜீப்புல இருக்குண்ணே. நான் ஈ.பி. பறக்கும் படை.”