பாய் திருப்பும் முன்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு வள்ளத்தின் கதை சொல்கிறேன். சின்னதுதான். அடுப்பில் சோறு கொதிப்பதற்குள் முடிந்துவிடும்.

"உண்டு" என்று சொல்லிவிட்டாள் அவள்.

வள்ளத்தில் யாரும் அசையவில்லை.

சுக்கான் பிடித்திருந்த ஜெர்லின் அவளைப் பார்த்தாள். பதினைந்து வயதுப் பிள்ளை. சுவர்ப் படத்தில் இருக்கும் அம்மாவின் அதே புருவம்.

தண்ணீரைக் கோரிக் கொட்டிக்கொண்டிருந்த தம்பி அஜின், அக்காவைப் பார்த்தான்.

பாய்க்கயிற்றைப் பிடித்திருந்த அப்பா ததேயு பாயைப் பார்த்தார். இரண்டாம் மனைவியான அவளைப் பார்க்கவில்லை.

திருவிழாவுக்குப் போகிறார்கள். இந்தப் பிள்ளைகளைப் பெற்றவளின் ஊருக்கு. வருஷத்தில் இந்த ஒரு நாள் வள்ளத்துக்கு என்ஜின் கிடையாது. பாய்தான். பாய்க்கயிறு அப்பாவுக்கு, மற்ற வேலைக்கெல்லாம் பிள்ளைகள்தான். அப்படிப் பழக்கினவள் கர்த்தரிடம் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இவள் பிறகு வந்தவள். மலையோரத்து ரப்பர் தோட்டத்துக்காரி. கல்யாணமாகி ஒரு மழைக்காலம்தான் போயிருக்கிறது.

காலையில் ஏறினதும் பாய்மரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அது ரப்பர் மரமில்ல, கெட்டிப் புடிச்சிட்டு நிக்கதுக்கு" என்றான் அஜின்.

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

சிரித்து முடித்து உட்கார இடம் தேடினாள். சுக்கான் பக்கம் இடமில்லை. நடுவில் நின்றால் கயிறு காலில் சுற்றியது. அணியம் மட்டும் காலியாக இருந்தது. வள்ளத்தின் முன்முனை. அங்கே போய் உட்கார்ந்தாள்.

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

முகத்துக்கு நேரே கடல். முதுகுக்குப் பின்னால் பாய். பாய்க்கு அந்தப் பக்கம் மூன்று பேரின் பேச்சு. காற்று அதைக் கொண்டுபோய்விட்டது.

ஒரு வேலை கிடைத்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. என்ன வேலையானாலும்.

கரைப் பாறைகள் பக்கத்தில் வந்துவிட்டன. இனி பாயைத் திருப்ப வேண்டும். திருப்பும்போது பாய் கட்டின கழி வீசிக்கொண்டு வரும். குனியாவிட்டால் மண்டை போகும். அதனால் ஜெர்லின் ஒவ்வொரு இடமாகக் கூப்பிட்டாள்.

"பாய்?"

"உண்டு."

"தண்ணி?"

"உண்டு."

"அணியம்?"

அணியத்தில் இருப்பது நாம்தானே என்று அவள் நினைத்தாள். நம்மையும் கூப்பிடுகிறார்களே என்று நெஞ்சு குளிர்ந்துபோயிற்று.

அப்படித்தான் சொன்னாள், அந்த "உண்டு".

ஜெர்லின் பாயைத் திருப்பச் சொல்லவில்லை. முதலிலிருந்து கூப்பிட்டாள்.

"பாய்?"

"உண்டு." ததேயுவின் குரல் இறங்கியிருந்தது.

"தண்ணி?"

"உண்டு."

"அணியம்?"

இப்போது அவளுக்கு விளங்கியது. அணியம் அந்தப் பிள்ளைகளைப் பெற்றவளின் இடம், அவளுக்காக விடுகிற மௌனம்தான் அதற்குப் பதில். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

ஒரு மூச்சு நேரம். மூன்று பேரும் தலை குனிந்திருந்தார்கள். கோயிலில் இருப்பதுபோல.

வள்ளம் போய்க்கொண்டுதான் இருந்தது.

அவள் மட்டும் நிமிர்ந்திருந்தாள். எதிரே தண்ணீருக்குள் ஒரு கறுப்பு. ஓடி வந்த அலை அதன்மேல் ஏறும்போது நுரைத்தது.

பாய்க்குப் பின்னால் இருப்பவர்களுக்கு அது தெரியாது.

அந்த மௌனம் அவளுடையதில்லை. ஒரு தடவை அதில் கை வைத்துவிட்டாள். இன்னொரு தடவை வைத்தால் இந்தப் பிள்ளைகள் இந்த ஜென்மத்தில் மன்னிக்கமாட்டார்கள்.

கறுப்பு கிட்ட வந்தது.

"பாற! வலப்பக்கம் பாற!"

தன் குரல்தான் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஜெர்லின் சுக்கானோடு சாய்ந்தாள். பாய் படபடவென்று அடித்தது. வள்ளம் ஒருக்களித்தது. ஒரு கை தூரத்தில் பாறை கடந்து போனது. அதன் முதுகு முழுக்கப் பாசி. சிப்பிகள் வாய் மூடி ஒட்டிக்கிடந்தன.



வள்ளத்துக்குள் தண்ணீரே இல்லை. பதற்றத்தில் அஜின் வெறுமனே கோரிக் கோரிக் கொட்டினான்.

பிறகு ஜெர்லின் சொன்னாள்:

"அம்மயா இருந்தா இன்னும் முன்னாடியே சொல்லியிருப்பா."

"ஏ பிள்ள..." என்று ததேயு ஆரம்பித்தார்.

அவள் திரும்பிப் பார்த்து வேண்டாம் என்று கையசைத்தாள். அந்தப் பிள்ளை சொன்னது சரிதான். அந்தக் கண் அவளுக்கு இல்லை.

மறுபடி கடலைப் பார்த்து உட்கார்ந்தாள். இமைக்கப் பயந்தாள்.

பாயை இன்னும் திருப்பவில்லை. ஜெர்லின் கூப்பிட்டாள்.

"பாய்?"

"உண்டு."

"தண்ணி?"

"உண்டு."

"அணியம்?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒரு மூச்சு நேரம். முழுசாக விட்டாள் ஜெர்லின். குறைக்கவில்லை.

இனி கழி வரும் என்று அவள் குனிந்தாள்.

கழி வரவில்லை.

"சித்தி?"

இதுவரைக்கும் அந்தப் பிள்ளை அவளை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

பின்னால் யாரும் அவசரப்படுத்தவில்லை. பாயைத் திருப்பாமல் காத்திருந்தார்கள்.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டில் சாப்பிடக் கூப்பிடும்போது ஒரு பெயரும் விட்டுப்போகாதிருக்கட்டும்.